பாட்டுக் கருவிக்குள் வெங்காயம்

ஐந்து மணிக்குக் கார் வந்துவிடும். மூன்று மணியிலிருந்தே பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பம்பரம் என்பது வீட்டில் வைத்த பெயர். பத்து வயதாகியும் அவள் ஓரிடத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்ததில்லை. ஆனால் இன்று அவள் சுற்றியதில் நியாயம் இருந்தது. கப்பலில் சமையல்காரராக இருக்கும் அப்பா இன்று கிளம்புகிறார். திரும்பி வர எட்டு மாதம் ஆகும். நடுக்கடலில் தொலைபேசித் தொடர்பு கிடைக்காது. அங்கே அவருக்குத் துணை, தீப்பெட்டி அளவில் இருக்கும் பாட்டுக் கருவி ஒன்றுதான்.

அதில் நாற்பது புதுப் பாட்டு ஏற்றித் தருவதாக அக்காவும் பம்பரமும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னதோடு சரி. இன்றைக்குத்தான் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள்.

பழைய கணினி போன மாதம் மண்டையைப் போட்டுவிட்டது. இது புதியது. கருவியோடு வந்த மென்பொருளை அக்கா அதில் நிறுவி, கம்பியைச் செருகினாள். திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. அதற்குக் கீழே பெரிய பச்சைப் பொத்தான்.

"சரின்னு அழுத்துக்கா! சீக்கிரம்!" என்றாள் பம்பரம்.

அக்காவின் விரல் போனது. அதற்குள் பொத்தானுக்குக் கீழே இருந்த பொடி எழுத்து பம்பரத்தின் கண்ணில் பட்டது.

"ஐயோ, அழுத்தாத!"

'இந்தக் கணினியில் இல்லாதவை அனைத்தும் கருவியிலிருந்து அழிக்கப்படும்' என்று எழுதியிருந்தது.

"புதுக் கணினில ஒரு பாட்டுகூட இல்லையே!" என்றாள் அக்கா.

"அப்படின்னா அப்பாவோட கருவி மொத்தமும் காலியாகியிருக்கும்!"

அக்கா சூடு பட்டதுபோல் கம்பியைப் பிடுங்கினாள். "இந்த மென்பொருளே வேண்டாம். வேற பாப்போம்."

இணையத்தில் தேடியதில் முதலில் கிடைத்த மென்பொருள் பெயர், பிறந்த நாள், முகவரி, பிடித்த நிறம் என்று வரிசையாகக் கேட்டது. "பள்ளிக்கூடத்துல சேக்கும்போதுகூட இவ்வளவு கேக்கலை," என்று பம்பரம் அதை மூடினாள். இரண்டாவது சட்டென்று திறந்தது. ஆனால் எல்லாப் பாட்டையும் வெறும் எண்ணாகக் காட்டியது. எது என்ன என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைபோல் இருந்தது. ஆனால் இடப்பக்கம் கருவியில் இருப்பவை, வலப்பக்கம் கணினியில் இருப்பவை என்று பளிச்சென்று காட்டியது. கேட்காமல் எதையும் அழிக்காது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அங்கேயே போட்டுக் கேட்க ஒரு சின்ன அம்புக்குறியும் இருந்தது.

"இதுதான்!" என்று பம்பரம் நாற்காலியிலிருந்து குதித்தாள்.

மணி நாலே கால். அடுத்த அறையில் அம்மா பெட்டியை மூடப் போராடிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுத் தம்பி பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து உதவிக்கொண்டிருந்தான்.

புதுப் பாட்டுகளை ஏற்றப் போனால், 'இடம் போதவில்லை' என்றது திரை.

அக்கா பட்டியலை வேகமாக உருட்டினாள். கடைசியில் பாடகர் பெயரே இல்லாமல் சில இருந்தன. உப்பு, மிளகாய், சர்க்கரை, வெங்காயம் என்று மொத்தம் ஏழு.

"கப்பலுக்கு வாங்கின சாமான் பட்டியல். அப்பா பேசிப் பதிவு பண்ணியிருப்பார். போன பயணத்துச் சாமான் இப்ப எதுக்கு? ஏழையும் தூக்கிடலாம்."

பம்பரம் திரையை உற்றுப் பார்த்தாள். "அக்கா, உப்பு இருபது நிமிஷம் ஓடுது."

"அதனால என்ன?"

"உப்புன்னு சொல்ல இருபது நிமிஷமா ஆகும்?"

"நேரமில்லைடி!"

"எனக்கும் தெரியும்! ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு அழிக்கலாம்."

அவள் வெங்காயத்தின் அம்புக்குறியைத் தட்டினாள். யாரோ விக்கி விக்கி அழுதார்கள். "போகாதீங்கப்பா... என்னையும் கூட்டிட்டுப் போங்க..."

அது பம்பரத்தின் குரல்! போன தடவை அப்பா கிளம்பிய நாள்.

மிளகாயில், "என் சீப்பை எவ எடுத்தா?" என்று அக்கா கத்தினாள். சர்க்கரையில் தம்பி பேச்சு வராத காலத்து மழலையில் உளறினான். உப்பில் அம்மா, யாரும் கேட்பது தெரியாமல், துணி மடித்தபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "நான் அழிக்கப் பாத்தேனே!"

இன்னொரு தட்டு தட்டியிருந்தால் அப்பா எட்டு மாதமும் இந்தக் குரல்கள் இல்லாமல் இருந்திருப்பார். பம்பரம் அடுத்த அறைக்கு ஓடினாள்.

"அப்பா, வெங்காயத்தைக் கேட்டுட்டோம்."

காலணிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்த அப்பா அசடு வழிந்தார். "கப்பல்ல ஆளாளுக்கு அந்தக் கருவியை இரவல் கேப்பாங்க. உப்பையும் வெங்காயத்தையும் எவன் போட்டுக் கேக்கப் போறான்? அதான் அந்தப் பேரு."

"நான் அழுறதை எதுக்குப்பா வெச்சிருக்கீங்க?"

"என்னைத் தேட ஒரு ஆள் இருக்குன்னு தெரியுமே!"

பம்பரம் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். ஆனால் நேரம் ஓடியது. "இடம் போதலை. எதை எடுக்கலாம்?"

"பாட்டை எடு. பாட்டுன்னா கப்பல்ல யார்கிட்டயாவது வாங்கிக் கேட்டுக்குவேன்."

முப்பது பழைய பாட்டு போனது. ஆனால் அந்த இடத்தில் புதுப் பாட்டை ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அம்மா, அக்கா, தம்பி, பம்பரம் நால்வரும் கணினி முன்னால் நெருக்கியடித்து ஒரே நேரத்தில் பேசிப் பதிவு செய்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. தம்பி நடுவில் இரண்டு முறை தும்மினான்.

"இதுக்கு என்ன பேர் வைக்க?" என்றாள் அக்கா.

"பூண்டு! எவனும் கிட்ட வரமாட்டான்," என்றாள் பம்பரம்.

வாசலில் கார் ஒலி எழுப்பியபோது தொண்ணூறு சதவீதம்தான் ஏறியிருந்தது. பம்பரம் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தாள். நூறு ஆனதும் முறைப்படி கருவியைக் கழற்றி, ஓடிப்போய் அப்பாவின் கையில் திணித்தாள்.

கார் நகர்ந்தது. தெருமுனையில் வழி கிடைக்காமல் கொஞ்சம் நின்றது. பின் கண்ணாடி வழியே அப்பாவின் தலை தெரிந்தது. காதில் பாட்டுக் கருவியின் கம்பியை மாட்டியிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

"அழுறாரா, சிரிக்கிறாரா?" என்றாள் அக்கா.

பம்பரம் அதற்குள் தெருவில் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

"அப்பா! அது கப்பலுக்கு! இப்பவே கேட்டுத் தீத்துடாதீங்க!"