தாகம் எடுத்த பெட்டி

செத்துப்போன மனிதர் திராட்சைத் தோட்டத்தில் நின்று தண்ணீர் கேட்கிறார் என்று போன் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கட்டிலுக்கு அடியில் ஒளிவீர்கள். நானும் அப்படித்தான். பிரின்சி மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவோடு கிளம்பிவிட்டாள். ஏனென்றால், அந்தச் செத்துப்போன மனிதர் அவளுடைய அப்பா.

அப்பா சுந்தர்ராஜ், தேனியில் கம்பெனி வைத்திருந்தார். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகவே மோட்டாரை ஓட்டும் பெட்டியைக் கண்டுபிடித்தவர். அந்தப் பெட்டி பேசவும் செய்யும், அவருடைய குரலிலேயே. அபார மூளை! கோபமோ அதைவிடப் பெரியது.

"நிறுத்துறதுக்கு ஒரு ஸ்விட்ச் வைங்க சார்" என்று விவசாயிகள் கெஞ்சினார்கள்.

"வச்சா நீங்க நோண்டிக் கெடுத்துருவீக" என்று சொல்லிக் கடைசிவரை வைக்கவே இல்லை. பெட்டிப் பூட்டின் ரகசிய எண்ணையும் யாரிடமும் சொல்லாமல், ஆறு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

மார்க்கையன்கோட்டையில், போன் செய்த தோட்டக்காரர் மொக்கைச்சாமி கையில் கடப்பாரையோடு நின்றார். வேலைக்கு வந்த பெண்கள் வரப்பிலேயே ஒதுங்கி நின்றார்கள்.

"தாயி, கோவிச்சுக்காதீக" என்றார் அம்மாவிடம். "நாளன்னைக்குப் பழம் வெட்டு. கேரளாவுக்கு லாரி வருது. வெயிலு இருக்கிற வரைக்கும் இந்தச் சோலார் மோட்டார் நிக்க மாட்டேங்குது. இப்பிடித் தண்ணி பாஞ்சா பழம் பூரா வெடிச்சிரும். பெட்டிய ஒடைக்கப் போறேன்."

"அது மிசினுதானே அண்ணே?" என்றார் அம்மா.

"மிசினுதான். ஆனா மிசினு இப்பிடி விடாமக் கேக்குமா? நீங்களே கேளுங்க."

எல்லோரும் வாயை மூடினார்கள். திராட்சைப் பந்தலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தாகமா இருக்கு... தாகமா இருக்கு..."

பிரின்சி ஒரு அடி முன்னால் வைத்தாள். அப்பாவேதான்! அவருக்கு வீடியோ எடுத்தால் பிடிக்காது. அதனால் அவர் குரல் வீட்டில் எங்கேயும் இல்லை. இந்தப் பெட்டிகளில் மட்டும்தான் இருக்கிறது. இதை உடைத்தால் மற்றத் தோட்டக்காரர்களும் உடைப்பார்கள்.

"மாமா, அஞ்சே நிமிசம். நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"ஒத்தையிலயா? வேணாம் பாப்பா!"

அவள் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

பகல் மூன்று மணிதான். ஆனாலும் பந்தலுக்கு அடியில் மசமசவென்று இருட்டு. கறுத்த குலைகள் தலையில் இடித்தன. காற்றே இல்லை. ஆனாலும் தூரத்தில் ஒரு இலை மட்டும் ஆடியது.

"தாகமா இருக்கு..." இப்போது குரல் மிக அருகில் கேட்டது.

"அப்பா?" என்றாள். ஓடிவிடலாம் என்று திரும்பினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கணுக்கால்வரை தண்ணீர்.

அட! இவ்வளவு தண்ணீரில் நின்றுகொண்டு யாருக்காவது தாகம் எடுக்குமா?

பயத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தாள். பெட்டிக்கு எப்படி ஈரம் தெரியும்? குரல் வந்த பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் போனது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஒயர் மண்ணுக்குள் போகவில்லை. கல்தூணின் உச்சிக்கு ஏறியது. அங்கே, மண்ணில் ஊன்ற வேண்டிய, ஈரம் பார்க்கும் கம்பியை யாரோ சேலைத் துணியில் பத்திரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பி காய்ந்து கிடந்தது.

எக்கி அவிழ்த்துச் சேற்றில் ஊன்றினாள்.

மோட்டார் நின்றது. பிறகு அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது.

"போதும். வயிறு நெறஞ்சிருச்சு. நல்லாருங்க."

வீட்டில் அப்பா இவ்வளவு மெதுவாக ஒருநாளும் பேசியதில்லை. பிரின்சிக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் வரப்பில் நின்ற மலையம்மாள் முன்னால் வந்தார்.

"நாந்தேன் பாப்பா கட்டுனேன். போன வாரம் களை வெட்டுறப்ப, மம்பட்டி பட்டு ஒயரு அந்துச்சுன்னா சாரு உரிச்சுப்புடுவாகன்னு மேல கட்டுனேன். திரும்ப ஊனத் தெரியல. கேக்கவும் பயம்."

"செத்தவருக்கா பயந்த?" என்று மொக்கைச்சாமி கத்தினார்.

"உசுரோட இருக்கையில மட்டும் நீரு அவுகள எதுத்துக் கேட்டீராக்கும்?" என்றார் மலையம்மாள்.

மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தார்.

"அவுகளத் திட்டாதீக மாமா" என்றாள் பிரின்சி. "எங்கப்பாவுக்குப் பயந்துதானே பத்திரமா வச்சாக? அத்தை, இனிமே எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க. நான் திட்ட மாட்டேன்."

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "பெட்டியில குரலை மாத்திரலாமா, பிரின்சி? எல்லாரும் பயப்படுறாகளே."

"வேணாம்மா. குரல் இருக்கட்டும். பெட்டிக்கு வெளிய ஒரு ஸ்விட்ச் மட்டும் வைப்போம்."

மொக்கைச்சாமி கடப்பாரையைக் கீழே போட்டார். "அதுதேன் சரி. அவுக பாட்டுக்குப் பேசட்டும். வேணுங்கிறப்ப நிறுத்த ஒரு ஸ்விட்ச் இருந்தாப் போதும்."

"அந்த ஸ்விட்சத்தான் அண்ணே, நானும் பன்னண்டு வருசமாத் தேடுனேன்" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.