ஆற்றுக்குத் திறந்த கதவு

நிலவறைக்குள் தண்ணீர் படிகளின் பாதிக்குக் கீழேதான் நின்றது. ஆனால் மேல்படி ஈரமாக இருந்தது.

அதைப் பார்த்ததிலிருந்து ஜூடித்துக்கு மனசு சரியில்லை. செவர்ன் ஆற்றங்கரைச் சந்தையைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு லண்டனிலிருந்து குடும்பத்தோடு வந்தவள், ஆறு பெருகவும் மகள் எல்சியோடு பழைய விடுதி ஒன்றில் ஒதுங்கியிருந்தாள். கணவன் மேட்டில் நிறுத்திய காரை எடுத்துவரப் போயிருந்தான். வெளியே கடைகளைக் கலைக்கும் சத்தம், உள்ளே சிந்திய பியரின் புளித்த வாடை, அதற்கும் மேலாக, திறந்து கிடந்த நிலவறையிலிருந்து ஏறிவந்த சேற்று நாற்றம். சின்னப் பெண் ஓடியாடும் இடத்தில் இப்படியா கதவைத் திறந்து போடுவார்கள் என்று எரிச்சலாக வந்தது.

"அதை மூடினா என்னங்க?"

கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த விடுதிக்காரி பெரில் நிமிரவில்லை. "ஆறு வந்தா நிலவறையத் திறந்து வைக்கணும் கண்ணு. அடைச்சா சுவரையே தள்ளிடும். அப்புறம், உள்ள வந்தது திரும்பிப் போகவும் வழி வேணுமில்ல? லண்டன்காரங்களுக்கு ஆறுன்னா பாலத்துல நின்னு போட்டோ எடுக்கறதுதான்."

எல்சி மறுபடி கதவருகே போய் நின்றாள்.

"கீழ யாரோ குளிக்கிறாங்கம்மா."

"இங்க வா."

"கரன்ட்ட நிறுத்தப் போறேன், பயந்துடாதீங்க. கதவத் தொடாதீங்க" என்று பெரில் பின்கட்டுக்குப் போனாள்.

விளக்குகள் அணைந்தன. நவம்பர் மாலை, சன்னலில்கூட வெளிச்சமில்லை. நிலவறைக்குள் தண்ணீர் சளப்பென்றது. யாரோ எழுந்து நிற்கும் சத்தம். குழந்தை விழுந்துவிடுவாளே என்றுதான் ஜூடித்துக்குத் தோன்றியது. பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

இருட்டில் துழாவினாள். சின்னக் கை ஒன்று அவள் கைக்குள் வந்தது. சில்லென்றிருந்தது.

"அம்மா இருக்கேன்டா."

கை இறுகியது.

"அம்மா."

குரல் கதவுக்கு அந்தப் பக்கம்.

"அம்மா, கதவத் திற. யாரோ என் கால இழுக்கறாங்க."

எல்சியின் குரல்.

ஜூடித் கையை உதறினாள். விடவில்லை. அலறினாள். தாழ்ப்பாள் எட்டும் தூரம்தான். மற்றக் கையை நீட்டினாள்.

அதையும் ஒரு சின்னக் கை பிடித்தது.

பிறகு இன்னொன்று.