துண்டு போட்ட இடம்

முதல் நாள் ராயப்பராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல் இருக்கையின் மேல் ஒரு துண்டு, நீளவாக்கில் ஒழுங்காக விரித்துக் கிடந்தது. நடக்க வந்தவர் யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது நனைந்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. திண்டுக்கல்லில் மழை என்பது பந்தியில் கடைசி வரிசைக்காரனுக்கு வரும் பாயசம் மாதிரி; பேச்சில் இருக்கும், இலைக்கு வராது. ஐப்பசி பிறந்தும் வானம் வெள்ளை வேட்டியாய் வெளுத்துக் கிடந்தது. அப்புறம் இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

ஓடைத் தண்ணீராக இருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தோலோடைக்குத்தான் இப்போது தண்ணீர் வந்துவிட்டதே!

தோலோடையின் பழைய நிலை தெரிந்தவர்கள் அதன் புதிய கோலத்தைப் பார்த்தால் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். ஊர் நடுவில் ஓடும் அந்த ஓடையில் ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு வந்து கலக்கும். மேலே பறக்கும் காக்கை பாதி வழியில் மயங்கி விழும். கரையோர வீட்டுக் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் பிறந்தார்கள். அதே ஓடையை இப்போது தூர்வாரி, இரண்டு பக்கமும் பேவர் பிளாக் பதித்து, வண்ண விளக்கு வைத்து, செல்ஃபி எடுக்க ஆள் உயர எழுத்துகளில் ஊர்ப் பெயரையும் நிறுத்தியிருந்தார்கள். ஞாயிறு மாலைகளில் பாட்டுக்கு ஆடும் நீரூற்று வேறு. அதை உட்கார்ந்து பார்க்க, பழைய தரைப்பாலம் இருந்த இடத்தில், தண்ணீரை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு கேலரி கட்டியிருந்தார்கள். நடுவே நடைபாதை. இரண்டு பக்கமும் இருவர் இருவராக உட்காரும் கல் இருக்கைகள், ஒன்றன் பின் ஒன்றாக. ஒவ்வோர் இருக்கையின் முதுகிலும் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி.

ராயப்பராஜ் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். நாகல் நகர் வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் இங்கே நடக்க வருவார். ஓய்வு பெற்றாலும் கழுத்து விசிலுக்கு அவர் ஓய்வு கொடுக்கவில்லை. நடைபாதையில் சைக்கிள் விடும் பையன்களைப் பார்த்து ஒரு விசில் அடித்தால் போதும், சக்கரம் ஆணி அடித்தது போல் நின்றுவிடும். ஒரு விசிலுக்கு நில், இரண்டு விசிலுக்குப் போ. பஸ் கண்டக்டர்களும் பி.டி. மாஸ்டர்களும் சேர்ந்து இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் அந்த ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

மறுநாள் நாலைந்து துண்டுகள். அதற்கடுத்த நாள் இடப்பக்க வரிசை முழுக்க.

"என்னலே மலைச்சாமி, பூங்காவத் தொறந்தீகளா, சலவைக் கடையத் தொறந்தீகளா?" என்று காவலாளியைக் கேட்டார்.

மலைச்சாமி குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர். மானாவாரிக் காட்டை வானம் பார்க்க விட்டுவிட்டு இங்கே காக்கிச் சட்டை மாட்டியவர். "அத ஏன் கேக்குறீக சார். பொழுது சாஞ்சா துண்டாக் கெடக்கு. எடுத்துக் கம்பியில காயப்போடுறேன். காய மாட்டேங்குது. அடிக்கிற வெயிலுக்கு எருமை மாடே கருவாடாப் போயிரும், இந்தத் துண்டு மட்டும் காயல."

"யாருதுன்னு கேட்டியா?"

"கேட்டேன். துண்டு வாயத் தொறக்கல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோதுதான் ராயப்பராஜின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. ஓடை வாசனை இல்லை. ஈரச் சாக்கு, டீசல், யார் மடியிலோ நசுங்கிய மல்லிகை, எல்லாவற்றுக்கும் அடியில் நன்றாகப் பழுத்த மலைவாழைப்பழத்தின் இனிப்பு. அந்தக் கலவையை அவர் எங்கேயோ முகர்ந்திருக்கிறார். எங்கே என்று தெரிந்தபோது முதுகில் எறும்பு ஊர்ந்தது.

அந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் திண்டுக்கல்லில் இல்லை. கல்யாணமான புதிது. வியாகுலம்மாளின் ஊருக்குப் போக, அடைமழையில் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். கூட்டமான கூட்டம், மூச்சு விட டோக்கன் வாங்க வேண்டும். ராயப்பராஜ் பஸ் நிற்கும் முன்பே ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டார். ஊரில் அதற்கு மேல் சட்டம் கிடையாது. துண்டு கிடந்தால் அது ஆள் உள்ள இடம். அந்த நேரம் பார்த்து, மசக்கையாக இருந்த வியாகுலத்துக்குச் சிறுமலை வாழைப்பழம் வேண்டியிருந்தது. பழக்காரியிடம் பேரம் முடிவதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது. துண்டோடு. அவர் பஸ்ஸைத் திட்டினார், பழக்காரியைத் திட்டினார், பழத்தையும் திட்டினார். தோலோடைத் தரைப்பாலத்தில் வெள்ளம் அந்த பஸ்ஸைப் புரட்டிக்கொண்டு போனது. ஒருவர்கூடக் கரையேறவில்லை.

"அந்தோனியார் செஞ்ச புதுமை, அற்புதம்" என்றுதான் எப்போதும் முடிப்பார். சொல்லும்போதெல்லாம் வெள்ளத்தின் உயரம் ஒரு முழம் கூடும். இப்போது அது மலைக்கோட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

துண்டைப் பற்றி மட்டும் அவர் கூட்டிச் சொன்னதில்லை. நீலக்கரைத் துண்டு. மூலையில் சிவப்பு நூலில் ஒரு சேவல். புதுப்பெண் வியாகுலம் தைத்த முதல் பூவேலை. "ராயப்பர் பேரை வச்சுக்கிட்டுச் சேவல் இல்லாமலா?" என்று அவள் கேலி செய்தாள். பைபிளில், ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த ராயப்பருக்காகக் கூவிய சேவல். அந்தச் சேவலுக்கு அவள் அலகைத் திறந்து வைத்துத் தைத்திருந்தாள்.

அடுத்த சாயங்காலம் சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. காற்று இல்லை. கேலரியில் இரண்டு பக்கமும் துண்டுகள். நடைபாதையில் நின்று பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டிரண்டு இருக்கை. நடுவில் வழி. முதுகில் கம்பி. எல்லாம் ஒரே திசை பார்த்து.

நடுவில் ஓர் இருக்கையில் மட்டும் நீலக்கரை.

குனிந்தார். துண்டின் மூலை கீழே தொங்கியது. சொட்டியது. சேவல்.

"இது யாரு துண்டு?"

பின்னாலிருந்து வந்த குரல். கோபமில்லாத, களைத்துப்போன, நெரிசலில் நாள் முழுக்கக் கத்திய தொண்டை. ராயப்பராஜ் திரும்பவில்லை. பேவர் பிளாக்கின் மேல் தண்ணீர் வழிந்து வந்து அவர் செருப்பைத் தொட்டது. தோல்பை ஒன்றில் சில்லறை குலுங்கியது.

"தெரியல. என்னுது இல்ல" என்றார்.

திரும்பிப் பார்க்க நெடுநேரமாயிற்று. பின்னால் யாரும் இல்லை.

வீட்டில் வியாகுலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பெங்களூரு, கோயம்புத்தூர் என்று போனபின், அந்த வீட்டில் பேச்சுக்கும் சண்டைக்கும் அவருக்கு இருந்த ஒரே ஆள். "வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை என்னையக் கூட்டிட்டுப் போங்க. ஊரே பாத்துருச்சு. தண்ணி டான்ஸ் ஆடுதாம்ல."

"வேண்டாம். அங்க கொசு ஆளைத் தூக்கிட்டுப் போகுது."

"என்னையத் தூக்குற கொசு இன்னும் பொறக்கல." அவள் தன் உடம்பைக் காட்டிச் சிரித்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். "ஏங்க, பழம் வாங்கிட்டு வந்தீங்களா? மலைப்பழ வாசம் அடிக்குது."

அவர் பதில் சொல்லும் முன் வாசல் கேட் தட்டப்பட்டது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. மங்கலில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது.

"சார், அந்தத் துண்டு உங்களுதா?"

"மலைச்சாமியா? இல்லப்பா. என்னுது இல்லவே இல்ல."

காக்கிச் சட்டை தலையாட்டிவிட்டுப் போயிற்று. கதவைச் சாத்திய பிறகுதான் நினைவு வந்தது. மலைச்சாமி காலையிலேயே ஊருக்குப் போய்விட்டார். போகும் வழியில் சொல்லிவிட்டுப் போனதே இவரிடம்தான். மறுபடி கதவைத் திறந்து பார்த்தார். வறண்ட தெருவில், அவர் வாசல்படி மட்டும் ஈரமாக இருந்தது.

ஞாயிறு மாலை, தெருக்காரர்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம். வியாகுலத்துக்கு முழங்கால் வலி, வரவில்லை என்றாள். அவள் வீட்டில் இருக்கிறாள் என்ற நிம்மதியில் அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தார்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. பக்கத்து வீட்டுக் கௌசல்யாவோட ஆட்டோவுல வந்துட்டேன்!" திருட்டு மாங்காய் தின்ற பிள்ளையின் குதூகலம் குரலில். "அவ பஜ்ஜி வாங்கப் போயிருக்கா. இங்க உக்கார ஒரு எடம் இல்ல. எல்லாத்துலயும் துண்டு போட்டு வச்சிருக்காங்க. முட்டி கழண்டு விழுந்துரும்போல இருக்கு. ஒரு அதிசயம் சொல்லவா? நான் தச்ச சேவலு இங்க கெடக்குங்க!"

"தொடாத வியாகுலம்! வெளிய வா!"

போனில் இப்போது அவள் குரல் இல்லை. இரைச்சல். எஞ்சின் இரைச்சலா, தண்ணீர் இரைச்சலா?

ஓடினார். ஆட்டோவுக்கு நிற்கவில்லை. மாவட்டப் பந்தயத்துக்குப் பையன்களை ஓடவிட்ட கால்கள், இத்தனை வயதுக்குப் பிறகு தாமே ஓடின. பாதி வழியில் மழை பிடித்தது. அந்த பஸ் போன நாளுக்குப் பிறகு திண்டுக்கல் பார்க்காத மழை. இதில் அவர் ஒரு முழமும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. பூங்கா வாசலில் கூட்டம் எதிரே அலறிக்கொண்டு ஓடிவந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கியவர்கள், தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்தவர்கள். பஜ்ஜிப் பொட்டலத்தோடு கௌசல்யா, "அக்கா உள்ளதான் இருக்காங்க மாமா!" என்று கத்தினாள்.

மின்சாரம் போயிருந்தது. நீருக்கடியிலிருந்த வண்ண விளக்குகள் மட்டும் எரிந்தன.

கேலரி நிறைந்திருந்தது.

ஊர் ஓடிவிட்டது. இவர்கள் ஓடவில்லை. வரிசை வரிசையாக முதுகுகள். நனைந்த முதுகுகள். தலையில் ஒட்டிய மயிர். மடியில் மூட்டை. யாரும் திரும்பவில்லை.

நடுவழியில் வியாகுலம் நின்றிருந்தாள். முழங்காலைப் பிடித்தபடி. அவள் பக்கத்தில் நீலக்கரைத் துண்டு விரித்த இருக்கை. அந்த ஒன்றுதான் காலி.

"வியாகுலம்!"

இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் காலை எடுத்து வைத்தார். தோளில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த கை. ஊறிப்போன கை.

"கடைசியாக் கேக்குறேன். இது யாரு துண்டு? ஆள் இருக்கா, இல்லையா?"

என்னுது என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. அவள் அந்த இடத்தில் உட்கார முடியாது. இது ஆள் உள்ள இடம். அவருடைய இடம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். முன் வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்பியது. அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தை அவர் பார்த்துவிட்டார்.

"இல்ல. என்னுது இல்ல. எனக்குத் தெரியாது."

கை தோளை விட்டது.

"ஆள் இல்லாத சீட்டு" என்றது குரல், கேலரி முழுக்கக் கேட்க. "நிக்கிற அம்மா உக்காரும்மா."

"நல்லா இருப்பீங்க தம்பி" என்றாள் வியாகுலம். துண்டை ஓரமாக நகர்த்தி உட்கார்ந்தாள். அப்பாடா என்று கால் நீட்டினாள்.

அவளை நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். கால்கள் வரவில்லை. குரலும் வரவில்லை. விசில் இருந்தது. வாயில் வைத்தார். ஒரு விசில். நீளமாக, ஒரே ஒரு விசில். அவர் விசிலுக்கு நிற்காதது எதுவும் இல்லை.

ஊதினார்.

ஓடிவந்த நெஞ்சு. பாதியில் மூச்சு அறுந்தது. மறுபடி இழுத்தது.

இரண்டாகக் கேட்டது.

கேலரி ஒருமுறை குலுங்கியது. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் முன்னிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டன. வரிசைகள் நகர்ந்தன. அவசரமில்லாமல், தண்ணீருக்குள். முதல் வரிசை. அடுத்தது. சிவப்பு வெளிச்சத்தில் தோள்கள் இறங்கின, பச்சையில் கழுத்துகள், நீலத்தில் தலைகள்.

வியாகுலம் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். தண்ணீர் மார்புவரை ஏறியிருந்தது. அவள் முகம் மலர்ந்தது. பஸ் கிளம்பிய பிறகும் ஓடிவந்து ஏறிவிடும் மாப்பிள்ளையைப் பார்க்கிற புதுப்பெண்ணின் முகம். ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டாள். பக்கத்து இடத்தில் துண்டின் மறுபாதியை நன்றாக இழுத்து விரித்தாள். அதை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காட்டினாள்.

தலை மூழ்கிய பிறகும் அந்தக் கை தெரிந்தது. தட்டிக்கொண்டே இருந்தது. நீல வெளிச்சத்துக்குள் துண்டின் மூலை அவர் பக்கம் மிதந்து எழும்பியது. அதில் சிவப்புச் சேவல், அலகைத் திறந்தபடி.