சோஃப்கா இந்த வருஷம் நனைக்கமாட்டாள்

“இன்னிக்கே நட்டுட்டீங்களா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?” பக்கத்து வீட்டுக் கிசேலாவின் குரல் தெருமுனை ரொட்டிக்கடை வரை கேட்டது.

“என் தோட்டம், என் தக்காளி, என் முதுகு! உங்களுக்கு எங்க வலிக்குது?” என்றார் லுட்விக், மண் ஒட்டிய கையோடு நிமிர்ந்து.

“நாளைக்குத்தான் சோஃப்கா நாள். அவ வந்துட்டுப் போகட்டும், அப்புறம் நடலாம். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!”

“சோஃப்கா வந்து என்ன செஞ்சிடப் போறா? பாவாடையை நனைப்பா. நல்லா நனைக்கட்டும்! எனக்குத் தண்ணி ஊத்துற வேலை மிச்சம்.”

பள்ளிக்கூடப் பையோடு அந்த வழியே வந்த ஒன்பது வயது சோஃப்கா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். அவள் பெயரும் அதுதான், பாவம்.

மே மாதம் நடுவில் திரும்பி வரும் குளிருக்கு ஸ்லோவேனியா முழுக்க ஒரே கதைதான். முதல் மூன்று நாள் பங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ் என்று மூன்று புனிதர்கள் வந்து நடுங்க வைப்பார்கள். நான்காம் நாள் சோஃப்கா வருவாள். அவள் வந்தால் மழை; அவள் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போவதுதான் அதுவாம். அதனால் அவளுக்குப் ‘பாவாடையை நனைச்ச சோஃப்கா’ என்று பட்டப்பெயர்.

போன வருஷம் பள்ளிச் சுற்றுலா சோஃப்கா நாளன்றுதான் வந்தது. எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். வானத்தைத் திட்டினால் அது பதில் பேசாது. சிறுமி சோஃப்காவைத் திட்டினால் அழுவாள். ஆகவே வருஷம் முழுக்க அவளைத்தான் திட்டினார்கள். இந்த வருஷம் அவள் வகுப்புக்குள் நுழையும்போது எல்லாரும் குடை விரிக்க வேண்டும் என்பது டிலேனின் ஏற்பாடு. டிலேன் அவள் வகுப்பின் பெரிய வாயாடி.

மூன்று புனிதர்களும் தவறாமல் வந்தார்கள். பங்க்ராட்ஸ் காற்றோடு வந்து ரொட்டிக்கடைப் பலகையைக் கழற்றி எறிந்தார். செர்வாட்ஸ் நாள் முழுக்க மழை பெய்தது. போனிஃபாட்ஸ் அன்று காலையில் மலையுச்சி பனியால் வெள்ளையாகிவிட்டது. ஆனால் மத்தியானம் பளிச்சென்று வெயில் அடித்தது. உடனே லுட்விக் செடிகளை வெளியே கொண்டுவந்து நட்டார். அதைப் பார்த்து ஒவ்வொரு வீடாக நட்டது. எங்கள் தெருவில் அடுத்த வீட்டுத் தக்காளி முதலில் பழுத்துவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது.

நடாதவள் கிசேலா ஒருத்திதான். அப்படித்தான் அவள் எல்லாரிடமும் சொன்னாள்.

பொழுது சாயும் நேரம் சோஃப்கா துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். காற்று அடியோடு நின்றிருந்தது. வானத்தில் தேடினாலும் ஒரு மேகம் இல்லை. மூச்சு விட்டால் புகை வந்தது. கொடியில் கிடந்த அப்பாவின் ஈரக் காலுறை காய்ந்த ரொட்டி மாதிரி விறைத்திருந்தது.

“அப்பா! இன்னிக்கு உறைபனி விழும்போல இருக்கு!”

“நாளைக்கு உன் நாளும்மா. மழைதான் வரும்,” என்றார் அப்பா, கால்பந்தாட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

போகட்டுமே என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. அவளைக் கேலி செய்தவர்களின் செடிகள்தானே! ஆனால் அவை குளிர்காலம் முழுக்க ஜன்னலோரத்தில் வளர்ந்த நாற்றுகள். இனி விதை போட்டால் காய்ப்பதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். அது மட்டுமா? உறைபனி பட்டுச் செடி கருகினால் பழி யார் தலையில் விழும்? ‘நனைச்சது போதாதுன்னு இப்போ எரிச்சுட்டா’ என்பார்கள்.

சோஃப்கா காலுறையை எடுத்துக்கொண்டு ஓடினாள். லுட்விக்கின் கதவை அதாலேயே தட்டினாள்.

“என்ன பாப்பா, எப்போ மழை?” என்று சிரித்தார் லுட்விக்.

“மாமா, சோஃப்கா நான்தானே? அப்போ நான் சொல்றதைக் கேளுங்க. இந்த வருஷம் நான் நனைக்கமாட்டேன். உறைய வைக்கப் போறேன். இதைத் தொட்டுப் பாருங்க!”

லுட்விக் காலுறையைத் தொட்டார். வானத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “அடக் கடவுளே, வாளி! வாளி எங்கே?” என்று உள்ளே ஓடினார்.

அடுத்து டிலேன் வீடு.

“டேய், நாளைக்கு எனக்காக எத்தனை குடை சேர்த்து வச்சிருக்கே?”

டிலேன் திருதிருவென்று விழித்தான். “உனக்கு யாரு சொன்னா?”

“எல்லாத்தையும் இப்பவே எடு. உங்கம்மா நட்ட பூசணிக்கு மேல முதல்ல விரி. மிச்சத்தை நான் கொண்டு போறேன்.”

செடிகளை மூட, இருட்டுவதற்குள் தெருவே ஓடியது. வாளி, கூடை, தொப்பி, அட்டைப்பெட்டி, ஒரு வீட்டில் குழந்தை குளிக்கும் தொட்டி. கடைசியாகக் கிசேலாவின் கதவைத் தட்டினாள் சோஃப்கா.

“என்கிட்ட எதுக்கு வந்தே? நான்தான் நடவே இல்லையே!” என்றாள் கிசேலா. அவள் காலணியில் புது மண். கண் இரண்டும் கோழிக்கூட்டுப் பக்கமே ஓடின.

சோஃப்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“தெரியும் அத்தை. சும்மா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். செடி வச்சிருக்கறவங்க சட்டி பானை கவுத்து மூடினாக்கூடப் போதுமாம். கோழிக்கூட்டுக்குப் பின்னாடி மாதிரி பள்ளமான இடத்துலதான் குளிர் அதிகமா இறங்குமாம்.”

கிசேலாவின் முகம் பழுத்த தக்காளி ஆனது. “சரி, சரி, வீட்டுக்குப் போ. சளி பிடிச்சுக்கப் போகுது,” என்றாள்.

காலையில் எழுந்து பார்த்தால் புல், கூரை, ரொட்டிக்கடைப் பலகை எல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளை. தோட்டங்களில் குடைகள் காளான் மாதிரி முளைத்திருந்தன. குடையைத் தூக்கினால் கீழே பச்சைப்பசேலென்று செடிகள். டிலேன் வீட்டில் குடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு பூசணி இலை மட்டும் கருகியிருந்தது.

சோஃப்கா வகுப்புக்குள் நுழைந்தபோது ஒருவர் கையிலும் குடை இல்லை.

“எங்கடா குடை?” என்றாள்.

“தக்காளிக்கு மேல இருக்கு,” என்றான் டிலேன். வகுப்பே சிரித்தது. சோஃப்காவும்தான்.

ஆனால் எங்கள் தெரு அன்றைக்குப் பேசியது குடையைப் பற்றி அல்ல. அதிகாலையில் கிசேலா தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு லுட்விக் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

“காப்பி போட ஒரு பாத்திரம் கிடைக்குமா?”

“உங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் என்னாச்சு?”

லுட்விக் வேலிக்கு மேலாக அவள் கொல்லையை எட்டிப் பார்த்தார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் பெரிதும் சிறிதுமாகச் சட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பாத்திரத்தோடு காப்பித் தூளும் எடுத்துக்கொடுத்தார்.

அந்தப் பாத்திரம் திரும்பி வரவே இல்லை. அக்டோபரில் லுட்விக் அதைத் தேடிக்கொண்டு தாமே போனார். தேவாலயத்தில் அந்த இரண்டு தனிக்கட்டைகளுக்கும் கல்யாணம் முடிந்தது. இப்போது கிசேலா வீட்டிலேயேதான் குடியிருக்கிறார்.