மூக்கு வைத்த கோப்பை

வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் மூக்கு வைத்த கோப்பையில் வந்தது.

வெள்ளைப் பீங்கான். ஒரு பக்கம் கைபிடி, மறுபக்கம் கெண்டியின் மூக்குப் போல ஒரு குழல். தலை தூக்க முடியாதவர்களின் வாயில் வைத்துச் சரிப்பதற்கானது. உம்மு குல்சும் கட்டிலில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் நன்றாக இருந்தன. சற்று முன்தான் அந்தக் கைகளால் முந்தானையை இழுத்துத் தலையை மூடியிருந்தாள்.

"ஆயா, இது என்ட கோப்பை இல்ல. மாறி வந்திரிச்சி."

ஆயா கோப்பையைத் தூக்கி அடியைக் காட்டினாள். சிவப்பு மையில் ஐந்து என்று எழுதியிருந்தது. ஐந்தாம் கட்டில் அவளுடையதுதான்.

கடுகண்ணாவை ஏற்றத்தில், பழைய தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன பங்களாவில் அந்த நேர்சிங் ஹோம் இருந்தது. பெண்களுக்கு மட்டும். பகலிலும் பனி யன்னல்வழி உள்ளே வந்து, லைசோல் வாடையுடனும் கொதிக்கும் பார்லியின் வாடையுடனும் கலந்து, கட்டில்களுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் நின்றது. கீழே ரயில் இரண்டு எஞ்சின்களோடு மூச்சு வாங்கி ஏறும்போது அலுமாரிக் கண்ணாடிகள் மெல்ல நடுங்கின, ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கின.

தன் ஊரான அலவத்துகொடையில் மிளகு காயப்போட்ட முற்றத்தில் வழுக்கி விழுந்து அவள் காலை முறித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது. மகன் ஹாஷிமின் வீடு கண்டியில், கடைக்கு மேலே, செங்குத்தான படிகளுக்கு அப்பால். "தனிய நடந்து கேட் மட்டும் வாங்க உம்மா," என்று அவன் நேற்று வந்தபோது சொல்லியிருந்தான். "அடுத்த வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்ச கையோட வாறன். நீங்க நடந்தீங்கண்டா அண்டைக்கே கூட்டிக்குப் போறன்."

கேட்டுக்கு அறுபத்திரண்டு காலடி. அவள் ஏற்கெனவே நடந்து பார்த்திருந்தாள். இன்னும் ஏழு நாள்தான்.

மேட்ரன் ஞானேஸ்வரி வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. ரப்பர் அடி வைத்த சப்பாத்து. வருவது கேட்காது, கஞ்சி போட்ட சேலையின் வாடை மட்டும் முதலில் வரும்.

"கோப்பை உங்கடதுதான், அம்மா. இஞ்ச ஆரும் வாய் திறந்து கேக்கத் தேவையில்லை. ஆருக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியும்."

அது பொய்யில்லை. உம்மு குல்சும் வந்த அன்றே கட்டிலைத் தொழும் திசையான கிப்லாவுக்கு ஏற்பத் திருப்பிப் போட வைத்தவள் மேட்ரன்தான். ஹலால் கறிக்குத் தனிச் சட்டி. பல்லில்லாத நான்காம் கட்டில்காரிக்கு வெற்றிலையை இடித்துக் கொடுக்கத் தனி உரல். இந்த வீட்டில் ஒருவருடைய பொருளை மற்றவர் தொடுவதில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தட்டு, அதில் அவரவருக்கு வேண்டியது.

நான்காம் கட்டில் அன்னலட்சுமி, கண்டி மாநகரசபைக் கிளார்க்கின் விதவை. கண் தெரியாது. மேட்ரன் போனதும் அவள் உம்மு குல்சும் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"மூக்குக் கோப்பை வந்திருச்சா, நாச்சியா?"

"ஏன் சிரிக்கிறீங்க அக்கா?"

"எனக்கு முதல்ல தட்டுல எரியுற லாம்பை எடுத்தாங்க. ஏன்னு கேட்டேன். இனி வேணாம்னாங்க. கட்டில்லேருந்து குளியலறை வரைக்கும் ஒரு கயிறு கட்டினாங்க. அப்போ எனக்கு ஊசியில நூல் கோக்கிற கண்ணு. நல்லா சிரிச்சேன்." அவள் கையை நீட்டித் தலைமாட்டில் கட்டியிருந்த கயிற்றைத் தடவினாள். அவளுக்கு முன்னும் பலர் பிடித்துப் பிடித்து அது கறுத்திருந்தது. "இப்போ இதைப் பிடிச்சுத்தான் போறேன்."

மருந்தில் ஏதோ கலக்கிறார்கள் என்று உம்மு குல்சும் முடிவு செய்தாள். மருந்தை முந்தானையில் துப்பினாள். சோற்றைத் தொடவில்லை. ஹாஷிம் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தையும் பிஸ்கட்டையும் மட்டும் தின்றாள். கூரைப் பீலியில் வடிந்த மழைநீரைத் தன் கண்ணாடிக் கிளாசில் பிடித்துக் குடித்தாள். சனி. ஞாயிறு. திங்கள். கை உறுதியாகத்தான் இருந்தது. மணிக்கொரு தடவை விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கிளாஸ் கீழே விழுந்தது.

கை அதைப் பிடித்திருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். பார்த்தால் வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போல. ஆயா ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். மூக்கு வைத்த கோப்பையை அவள் வாயில் வைத்துச் சரித்தாள். தேநீர் சரியான சூட்டில் இருந்தது.

பிறகுதான் தட்டைப் பார்த்தாள். பித்தளை மணி இல்லை. ஆயாவை அழைக்க அடிக்கும் மணி. அது இருந்த இடத்தில் தூசி படாத ஒரு சிறு வட்டம்.

"மணி எங்க?"

"மேட்ரன் எடுத்து வெக்கச் சொன்னாங்க," என்றாள் ஆயா. "இனி வேணாமாம்."

அன்று முழுவதும் உம்மு குல்சும் பேசினாள். கலிமா சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள், மகனின் பெயரை, மருமகள் கைரியாவின் பெயரை. மிளகுக் கொடிகளின் எண்ணிக்கையைச் சொன்னாள். தொண்டை கரகரத்தாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று பயந்தாள்.

புதன் மாலை அன்னலட்சுமியின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு பேச ஏலாமப் போனா, என்ட மகனுக்கு நீங்க செல்லணும் அக்கா. கோப்பை முதல்ல வந்த. கை பொறகுதான் போன. அப்பிடியே செல்லுங்க."

"சத்தமா சொல்றேன் நாச்சியா. இந்தக் குருட்டுக் கிழவிகிட்ட இனி எடுக்க என்ன இருக்கு, உரலைத் தவிர?"

இருவரும் சிரித்தார்கள். உம்மு குல்சும் தன் சிரிப்பைக் கேட்டது அதுவே கடைசி.

வியாழன். வாயைத் திறந்தாள். காற்று வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

கட்டிலுக்கடியில் செருப்பு இல்லை.

வெறுங்காலோடு எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. மழை தூறியது. அறுபத்திரண்டு அடி. கேட் திறந்தே கிடந்தது. கண்டிப் பக்கம் போகும் பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் கேட்டான், பிறகு தமிழில் கேட்டான், "எங்க போகணும் உம்மா?" அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். இடது கையால் பஸ் கம்பியைப் பிடித்தாள். பின்னால் கஞ்சிச் சேலையின் வாடை வந்தது. ஒரு குடை அவள் தலைக்கு மேல் விரிந்தது.

"எங்கட ஆள் தம்பி. நீங்கள் போங்கோ." மேட்ரன் அவளுடைய விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். "நடக்க ஆசையெண்டால் இண்டைக்கு வடிவா நடவுங்கோ, அம்மா."

வெள்ளி காலை கால்கள் இல்லை. போர்வைக்கடியில் இருந்தன. அவளுடையவையாக இல்லை.

ஹாஷிம் ஜும்ஆ முடித்து, தொப்பியைக் கழற்றாமலே வந்தான். வாசலில் நின்று கேட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கட்டிலைப் பார்த்தான்.

"உம்மா?"

"சின்னதா ஒரு பாரிசவாதம்," என்றாள் மேட்ரன். "டொக்டர் வந்து பாத்தவர்."

அவன் முழந்தாளிட்டான். அவள் கன்னத்தைத் தடவினான். அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பரவால்ல. தூக்கிக்குப் போறன். படி என்ன, நான் தூக்குவன்."

அவள் கண்களை மூடித் திறந்தாள். மூடித் திறந்தாள்.

"கொண்டு போங்கோவன்," என்றாள் மேட்ரன், அமைதியாக. "எப்பிடிப் பாத்தனாங்கள் எண்டு பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கேட்டிட்டுப் போங்கோ."

ஹாஷிம் திரும்பினான். உம்மு குல்சுமும் கண்களைத் திருப்பினாள்.

அன்னலட்சுமியின் தட்டில் லாம்பு இருந்தது. பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். அன்னலட்சுமி சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடர் அசைந்தது. அவளுடைய கண்மணிகளும் அசைந்தன.

"அம்மா, என்ட உம்மாவ நல்லாப் பாக்கிறாங்களா?"

அன்னலட்சுமி தலையைத் தூக்கினாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தவளையும் பார்த்தாள். இத்தனை நாளும் குரலாக மட்டும் அறிந்த முகம். அதை நெடுநேரம் பார்த்தாள்.

"உங்க உம்மாவுக்கு இங்க ஒரு குறையும் இல்லை, தம்பி," என்றாள். "வீட்டுல இப்படிப் பார்க்க முடியாது."

ஹாஷிம் மேட்ரனுக்கு நன்றி சொன்னான். உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டான். அடுத்த வெள்ளி வருவதாகச் சொன்னான். அவனுடைய காலடிகளை அவள் எண்ணினாள். அறுபத்திரண்டில் அவை நின்றன. கேட் சாத்தப்பட்டது.

ரயில் ஏறியது. கண்ணாடிகள் நடுங்கின.

ஆயா புதிதாக ஒரு தட்டு கொண்டுவந்தாள். மூக்கு வைத்த கோப்பையை எடுத்துக்கொண்டாள். அது இருந்த இடத்தில் ஒன்றொன்றாக வைத்தாள். வெள்ளைத் துணிப்பட்டி ஒன்று, அகலமானது. இன்னொன்று, ஒடுக்கமானது. பஞ்சு. ஒரு துண்டு கற்பூரம்.

அந்தத் துணிகளை அவள் அறிவாள். தன் உம்மா இறந்த அன்று அவளே கட்டியிருக்கிறாள். அகலமானது தாடைக்கு. ஒடுக்கமானது கால் பெருவிரல்களுக்கு.

கோப்பைக்குப் பிறகு நான்கு நாள். மணிக்குப் பிறகு இரண்டு நாள். செருப்புக்குப் பிறகு ஒரு நாள்.

யன்னல் வெளிச்சம் சுவரில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

"எல்லாம் உங்கட முறைப்படிதான், அம்மா," என்றாள் மேட்ரன். பட்டியை எடுத்தாள். "அளவு சரியோ எண்டு பாப்பம்."

தாடைக்கு அடியில் துணி குளிர்ந்தது. உச்சந்தலையில் முடிச்சு விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் அன்னலட்சுமி ஊசியை லாம்புக்கு நேரே பிடித்து, நூலின் நுனியை நாவால் நனைத்து, முதல் தடவையிலேயே கோத்தாள்.