அவள் நேராக்கிய கோடு

ஜீப்பை வேலிக்கு வெளியே தள்ளி நிறுத்தினார்கள். காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி இருக்கும் நிலவறைக்குப் பக்கத்தில் இரும்பே வரக் கூடாது.

"பெல்ட்டைக் கழட்டினா பேன்ட் நிக்காதுக்கா," என்றான் புது டெக்னீஷியன்.

"பிடிச்சுக்கிட்டே வா," என்றாள் நகரத்து ஆபீஸிலிருந்து வந்திருந்தவள்.

இவனுடைய அண்ணன்தான் முன்பு இங்கே தனியாக வேலை பார்த்தவன். போன வருஷம் இந்த நிலவறையின் மர ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான்.

கீழே ஈரச் சுண்ணாம்பு வாடை. கருவியைச் சரிபார்த்து, கதவைப் பூட்டிவிட்டு, தள்ளியிருந்த கணினி அறைக்கு வந்தார்கள். திரையில் எல்லா நிலையங்களின் கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின.

இதை விளக்குவதில் அவளுக்கு அலுப்பே வந்ததில்லை.

"நூறு கிலோமீட்டர் உயரத்துல, வெயில் பட்ட காத்துல மின்சாரம் ஓடுது. கண்ணுக்குத் தெரியாது. ஆனா அது ஓடுறப்ப இங்க காந்தப்புலம் இம்மியளவு அசையும். அதை ஊர் ஊரா அளந்தா, மேல ஓடுறதை வரைபடமாப் போட்டுடலாம்."

"இரும்பு வந்தாலும் அசையுமே?"

"அந்த ஒரு நிலையத்துக் கோடு மட்டும் அசையும். வானத்துல ஏதாவதுன்னாதான் எல்லாமே அசையும்."

சொல்லிவிட்டு இந்த நிலையத்துக் கோட்டையே பார்த்தாள்.

அவன் அண்ணன் விழுந்த அன்றைக்கு இந்த ஒரு கோடு மட்டும் துள்ளி, மேலேயே நின்றது. நகரத்து ஆபீஸிலிருந்து பார்த்தாள். 'மறுபடியும் ஸ்பேனரைப் பையில வச்சுக்கிட்டே இறங்கிட்டான்' என்று எரிச்சல்பட்டாள். ராத்திரிக்குள் வரைபடம் போயாக வேண்டும். துள்ளிய அளவைக் கழித்துக் கோட்டை நேராக்கினாள். ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

இருட்டும்வரை கோடு மெல்ல நெளிந்துகொண்டே இருந்தது. யாரோ நகர முயல்வதுபோல.

அந்த நெளிவையும் அழித்தாள்.

"அக்கா," அவன் குரல் தாழ்ந்தது. "அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அண்ணன் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டானா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லப்பா. விழுந்த உடனே உயிர் போயிடுச்சு."

இந்த நிலையத்துக் கோடு துள்ளியது.

"கீழே யாருக்கா?"

"யாரும் இல்ல," என்று முணுமுணுத்தாள். கதவு பூட்டித்தான் இருந்தது. சத்தமே இல்லை. அதைக் கழித்துவிட, கை தானாகக் கீபோர்டுக்குப் போனது.

அப்போதுதான் மற்ற கோடுகளைப் பார்த்தாள்.

கடலுக்கு அப்பால் தீவில் இருக்கும் நிலையம். பனிமலை நிலையம். பாலைவன நிலையம். எல்லாமே ஒரே அளவு துள்ளி, மேலேயே நின்றன.

பிறகு எல்லாக் கோடுகளும் சேர்ந்து, மெல்ல, நெளியத் தொடங்கின.