நின்று பார்த்தவனின் சாட்சி

வந்தவள் உட்காரவில்லை. மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை.

"நான் மெத்தை போட்டேன். போடலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் அதையேதான் சொல்லப் போறீங்கன்னா இப்பவே கிளம்பிடறேன்" என்றாள்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். வேறு பிழைப்பு கிடைக்காமல் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியின் தம்பி காதைத் தீட்டிக்கொண்டான்.

விஷயம் இதுதான். சுற்றிலும் மாடி இருக்கைகளும் மேடையைச் சுற்றி நிற்குமிடமும் உள்ள திறந்தவெளி அரங்கில் ஒரு பழைய நாடகம் நடக்கிறது. மூன்றாம் அங்கத்தில் மேடை நடுவிலுள்ள மூடி திறக்கும். அரசன் கல்லறைக் குழிக்குள் குதிப்பான். அரசனாக நடிப்பவன் இவளுடைய அண்ணன். குழிக்குள் மெத்தை விரிப்பது இவள் வேலை. நேற்று அண்ணன் வெறும் தரையில் விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனி இவள் முகத்தில் முழிக்கமாட்டேன் என்கிறான். அரங்க மேலாளர் நாளை போலீசுக்குப் போகப்போகிறார்.

அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். அவனுக்கும் அண்ணனுக்கும் எலியும் பூனையும். இவனை விட்டுவிட்டு வந்துவிடு என்று அண்ணன் அவன் காதுபடவே தங்கையிடம் சொல்லியிருந்தான்.

மலிவான நிற்கும் சீட்டு வாங்கி, மேடை விளிம்பைப் பிடித்தபடி, கடைசிவரை நகராமல் பார்த்தானாம் புருஷன். மூடி திறந்ததும், மெத்தை கயிறுகூட அவிழ்க்காமல் சுவரோரம் சுருட்டிக் கிடந்ததைக் கண்ணால் கண்டானாம். தச்சர் குழியிலிருந்து ஏறி வருவதற்கு முன்பே அதை மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொல்லியும்விட்டான். குழிக்குள் முதலில் இறங்கிய அந்த மேடைத் தச்சரும் மேலாளரிடம் அப்படியேதான் சொன்னார். மெத்தை சுருட்டிக் கிடந்தது; அவர்தான் கயிற்றை அவிழ்த்து விரித்து, அடிபட்டவனை அதில் கிடத்தினார். இரண்டு சாட்சியும் ஒத்துப்போக, இவள் பேச்சு எடுபடவில்லை.

அன்று மாலை வேறொரு நடிகனை வைத்து நாடகம் நடந்தது. துப்பறிவாளரும் மைத்துனனும் நிற்கும் சீட்டில் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்பதற்குச் சண்டைக்கே போகலாம். ஒருவன் மைத்துனன் காலை மிதித்தான். ஒருத்தி முழங்கையால் விலாவில் இடித்துவிட்டு இவனையே முறைத்தாள். எப்படியோ மைத்துனன் விளிம்பைப் பிடித்துவிட்டான். மேடை அவன் நெஞ்சுக்கு இருந்தது. மூடி திறந்தபோது எம்பிப் பார்த்தான். பின்னாலிருந்து வசவு விழுந்தது.

"அத்தான், மூடி தெரியுது. குழிக்குள்ள ஒண்ணும் தெரியலை."

"தெரியாது மாப்ளே. வா, போகலாம்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி அறையில் மேலாளர், தச்சர், புருஷன் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவள் மட்டும் வாசலோடு நின்றுவிட்டாள். விளிம்பில் நின்றால் குழிக்குள் தெரியாது என்று துப்பறிவாளர் சொன்னதும் புருஷன் சீறினான்.

"அப்போ நான் சொன்னது பொய்யா? தச்சரும் அதையேதானே சொன்னாரு?"

"நீங்க சொன்னது நிஜம். அதுதான் உங்களைப் பிடிச்சுக் குடுத்துது" என்றார் துப்பறிவாளர். "மாடியில உட்கார்ந்தவங்களுக்குக் குழி தெரியும். நிற்கும் சீட்டுக்காரங்களை மாடிக்கு விடமாட்டாங்க. நீங்களே நகரலைன்னு சொல்லிட்டீங்க. தச்சர் உடனே மெத்தையை விரிச்சுட்டாரு. அதுக்கு முன்னால சுருட்டின மெத்தை எங்க கிடந்ததுன்னு, சுருட்டினவனைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும். கிட்டே நிற்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டான். அவன் ஒருநாளும் அந்த விளிம்பில் நின்றதே இல்லை. அவள் மெத்தை விரித்துவிட்டு உடைகள் வைக்கும் அறைக்குப் போனதும் இவன் மேடைக்கடியில் நுழைந்திருக்கிறான். அவள் புருஷன்தானே என்று காவலாளியும் விட்டிருக்கிறான். மச்சானுக்கும் அடிபடவேண்டும், இவளுக்கும் வேலை போய் அண்ணன் உறவும் அறவேண்டும் என்பதுதான் அவன் கணக்கு. மேலாளர் போலீசைக் கூப்பிடும்போதுகூட அவன் அவளைத்தான் திட்டினான்.

அண்ணன் தலையைத் திருப்பினான். "வாசல்ல ஏன் நிக்கிற? உள்ள வா" என்றான்.

அவள் வரவில்லை. "மெத்தை போட்டியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?"

 அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் ஆட்டம் இருக்கு. இன்னைக்குக் குதிக்கிறவருக்கு நான் மெத்தை போடணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.